ஆக்கியவர் தெரியவில்லை

என் அத்தானை ஸ்டுடியோவில் தையல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மனுஷனுக்கு ஒரு பட்டன் தைக்க வராது. சட்டையில் பட்டன் போனால் அக்காவிடமோ என்னிடமோ நீட்டிவிட்டு, ஊசி தன்னைக் குத்திவிடும் என்பதுபோல் தள்ளி நிற்கிற ஆள். ஆனாலும் அந்தப் பேர் அவருக்குப் பொருத்தம்தான். எங்கிருந்தோ வந்த பாட்டைத் தையல் பிரித்து, வேறு அளவில் வெட்டி, உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி, சொந்தக்காரனே எதிரே வந்தாலும் தன் துணி என்று தெரியாதபடி தைத்துக் கொடுப்பது அவர் வேலை.

நான் அதே ஸ்டுடியோவில் டிராக் பாடுகிறவள். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டை முதலில் எங்களைப் போன்றவர்கள் பாடுவோம். பிறகு பெரிய பாடகி வந்து, எங்கள் குரலைக் காதில் மாட்டிக் கேட்டு, அதே மாதிரி பாடிவிட்டுப் போவார். அதற்கப்புறம் எங்கள் குரலை அழித்துவிடுவார்கள். நான் பாடிய பாட்டுகள் ஊரெல்லாம் கேட்கின்றன, என் குரல் எங்கேயும் இல்லை. இது என் கதை இல்லை என்பதால் என் வயிற்றெரிச்சலை இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கட்டிக்கொண்டவனை விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து நான் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். லிஃப்ட் இருந்தும் ஓடாத கட்டடம், மூன்றாவது மாடி, இரண்டு அறை. அக்கா ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்கார்கிறாள். ஒரே மகள். சின்ன வயதில் பிஸ்கட்டைப் பாதியாக உடைத்தால் எந்தப் பாதி பெரிது என்று அளந்து பார்த்துத்தான் வாயில் வைப்பாள். அதனால் அத்தான் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பேர் வைத்தார். விளையாட்டாக வைத்த பேர் பின்னால் அவர் தலையிலேயே வந்து விடியும் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

ஸ்டுடியோவின் முதலாளியும் இசையமைப்பாளரும் ஒருவரே. மாஸ்டர் என்போம். அவரிடம் படம் எடுப்பவர்கள் வருவார்கள். போனை எடுத்து ஏதாவது ஒரு நாட்டுப் பாட்டைப் போட்டுக் காட்டி, இது மாதிரி ஒன்று வேண்டும் என்பார்கள். இது மாதிரி என்றால் இதுவேதான் என்று அந்த அறையில் இருக்கிற ஏசி மிஷினுக்கும் தெரியும். மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டு, பெருமூச்சு விட்டு, நம் ஸ்டைலில் பண்ணிவிடலாம் என்பார். படக்காரர்கள் படியிறங்குவதற்குள் அந்தப் பாட்டு அத்தானின் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும்.

பிறகு அத்தான் தையலை ஆரம்பிப்பார். மெட்டு மேலே ஏறுகிற இடத்தில் கீழே இறக்குவார். மூன்றடித் தாளத்தை நாலடியாக்குவார். வயலின் வாசித்ததைக் குரலுக்குக் கொடுத்து, குரல் பாடியதைப் புல்லாங்குழலுக்குத் தள்ளிவிடுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை, அதிலும் சாப்பிடுகிறவன் பூசணிக்காயை ரசித்துச் சாப்பிடவும் வேண்டும். அதில் அவரை அடிக்க ஆளில்லை. அதைச் சொல்லிப் பெருமைப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

தைத்து முடித்ததும் வக்கீல் வருவார். அவருக்குக் காது என்று பேர். மாஸ்டர் ஏற்கெனவே ஒரு தடவை மாட்டிக்கொண்டு வெளியே சொல்லாமல் சமாதானம் பேசியவர் என்பதால், காது கேட்டுத் தேறும் என்று சொல்லாமல் எந்தப் பாட்டும் அந்தக் கட்டடத்தை விட்டுப் போகாது. வாத்தியக்காரர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை உண்டு. எட்டுச் சுரம் வரைக்கும் ஒன்றாக இருந்தால் தப்பில்லை, ஒன்பதாவது சுரத்தில்தான் போலீஸ் வரும் என்பார்கள். காது அதைக் கேட்டால் சிரிப்பார்.

“சட்டத்துல சுரக் கணக்கு எவனும் எழுதி வைக்கல. வழியில போறவன் ஒருத்தன் கேட்டுட்டு, ‘அட, இது அந்தப் பாட்டாச்சே’ன்னு சொன்னான்னா முடிஞ்சது கதை. அந்த வழிப்போக்கனோட காதைத்தான் நான் வாடகைக்கு விடுறேன்,” என்பார்.

அத்தானுக்குச் சொந்த மெட்டே வராதா என்று கேட்பீர்கள். வரும். துணி மடித்து வைக்கும்போது, ஷேவ் பண்ணும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதெல்லாம் வரும். ஆரம்பத்தில் அதை மாஸ்டரிடம் வாசித்தும் காட்டினார். மாஸ்டர் கடைசி வரை கேட்டுவிட்டு, இது எங்கே ஓடினது என்றார். எங்கேயும் ஓடவில்லை, நான் போட்டது என்றார் அத்தான். மாஸ்டர் முகம் சுண்டிப்போனது. எங்கேயும் ஓடாததை நம்பி ஒருத்தன் படத்தில் போடுவானா என்று கேட்டுவிட்டு டீ சொல்லி அனுப்பினார். அடுத்த தடவையும் அதே கேள்வி, அதே டீ. அதோடு அத்தான் வாயை மூடிக்கொண்டார்.

அந்தப் பாட்டு வந்த கதைக்கு வருகிறேன். ஒரு படத்துக்கு எடுத்த வெளிநாட்டுப் பாட்டைக் காது தேறாது என்று தள்ளிவிட்டார். அந்தப் பாட்டின் உரிமையை வைத்திருக்கிற கம்பெனி இப்போது கண்ணில் பட்டவர்கள் மேலெல்லாம் வழக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது, கிட்டவே போகாதீர்கள் என்றார். படப்பிடிப்புக்கு எல்லாம் தயார், பாட்டு மட்டும் இல்லை. மாஸ்டர் கத்து கத்தென்று கத்தினார். அத்தான் வீட்டுக்கு வந்து, கீபோர்டை இஸ்திரி மேசை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் கீபோர்டு நீளத்துக்கு வேறு மேசை கிடையாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் வாசித்த நாலு வரி என் கையை நிறுத்தியது. யாரோ கோபித்துக்கொண்டு வாசல்வரை போய், போக மனமில்லாமல் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது மெட்டு. பாடிப் பார் என்றார். வார்த்தை இல்லாமல் பாடினேன். இரண்டாவது வரி முடிகிற இடத்தில் நீளமாக நிற்க வேண்டிய சுரத்தில் நிற்கும்போது வாசல் மணி அடித்தது. சிலிண்டர் கொண்டுவந்தவன். திடுக்கென்று சுரத்தை விழுங்கிவிட்டு, அவசரமாக ஒரு மூச்சு எடுத்து, அடுத்த வரியை அரைத் தாளம் முன்னாலேயே பிடித்துவிட்டேன்.

அத்தான் துள்ளிக் குதிக்காத குறை. “அதேதான். அந்த விக்கல் அங்கேயே இருக்கட்டும். அதை மாத்தாதே,” என்றார்.

அக்கா கூடக் கேட்டுவிட்டு, நல்லாயிருக்கே என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது பெரிய விஷயம். கல்யாணம் பண்ணும்போது இசையமைப்பாளர் என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். திருட்டுப் பொருளுக்குச் சாயம் அடிக்கிறவர் என்று பிறகுதான் தெரிந்தது என்று ஆற்றாமையில் சொல்கிறவள் அவள்.

மறுநாள் ஸ்டுடியோவில் மாஸ்டர் கேட்டார், மாஸ்டர் பக்கத்தில் காதும் கேட்டார். வாசித்து முடித்ததும் மாஸ்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். இது எங்கே ஓடினது? அங்கேதான் என் அத்தான் உலகத்தில் வேறு எந்தத் தொழில்காரனும் செய்யாத காரியத்தைச் செய்தார். தன் பொருளைத் திருட்டுப் பொருள் என்று சொன்னார். தூரத்தில் ஏதோ ஒரு தீவின் பேரைச் சொல்லி, அங்கே மீன்பிடிக்கிறவர்கள் பாடுகிற பழைய பாட்டு, தலைமுறை தலைமுறையாக வாயாலேயே பாடுவது, எழுதியவன் யாரென்று அவர்களுக்கே தெரியாது என்றார். நான் மைக் முன்னால் நின்றுகொண்டு அவரை வெறித்துப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

மாஸ்டர் முகத்தில் பல்பு எரிந்தது. அடடா, இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று முதுகில் தட்டினார். போட்டவர் யாரென்றே தெரியாத பழைய பாட்டு என்றால் அது பொதுச் சொத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் வழக்குப் போட மாட்டான் என்று காதும் தலையாட்டினார். இதற்கு முன்னால் காது இவ்வளவு சந்தோஷமாகத் தேறும் என்று சொன்னதில்லை.

வெளியே வந்ததும் பிடித்துக் கேட்டேன். அத்தான் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். “என்னோடதுன்னு சொன்னா டீ வரும். திருடினதுன்னு சொன்னாத்தான் பாட்டு வரும்,” என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளையாவது மழைக்குக் கத்துகிறது.

பாட்டு வந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். பஸ்ஸில், கடைகளில், பள்ளிக்கூட வாசலில், ஆட்களின் போனில் எல்லாம் அதுதான். கச்சேரி வைத்தால் கூட்டம் முழுக்க அந்த விக்கலை விக்கிவிட்டு அடுத்த வரியைப் பிடிக்கும். பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அதற்குத் தலையாட்டுகிறார்கள் என்று அக்கா சொன்னாள். இசை: மாஸ்டர். அதற்குக் கீழே தையல்காரர் பேரும் இல்லை, டிராக் பாடினவள் பேரும் இல்லை. அத்தான் ஆரம்பத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெருவில் யாராவது அதை முணுமுணுத்துக்கொண்டு போனால் கொஞ்ச தூரம் பின்னாலேயே நடந்து போவார். அவ்வளவுதான் அவர் கேட்டது.

பாட்டு ஓடுகிறது என்றதும் ஒரு பேட்டி எடுத்தார்கள். மாஸ்டர் சோபாவில், அத்தான் பின்னால் கீபோர்டில். அந்தச் சமயத்தில் மாஸ்டரைத் திருடர் என்று நாலு பேர் பேச ஆரம்பித்திருந்தார்கள். சொந்தக்காரன் இல்லாத இந்த ஒரு பாட்டை எங்கிருந்து எடுத்தது என்று சொல்லிவிட்டால் நேர்மையானவன் என்று பேர் வரும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தூரத்து மக்களின் பழைய பாட்டுக்கு இது என் காணிக்கை என்று உருகினார். உருகிவிட்டு, நம்ம ஆள்தான் தேடிப் பிடித்தார் என்று மைக்கை அத்தான் பக்கம் திருப்பினார். அத்தான் எச்சில் விழுங்கிவிட்டு, ஆமாம், பழைய தீவுப் பாட்டு என்றார். சொந்த வாயால், கேமரா முன்னால்.

இதற்குள் ஜட்ஜம்மா காலேஜுக்குப் போய்விட்டாள். அவளும் சிநேகிதர்களும் சேர்ந்து இணையத்தில் ஒரு பக்கம் நடத்தினார்கள். மூலப் பாட்டை ஒரு பக்கமும் நகல் பாட்டை ஒரு பக்கமும் போட்டு, எந்த இடத்தில் சுட்டது என்று காட்டுவார்கள். அதில் பாதி அவள் அப்பா தைத்தது. அவள் படிப்பே அந்தத் தையலில்தான் நடந்தது என்று நான் ஒருநாள் சொல்லிக் காட்டினேன். அதனாலதான் சித்தி கூசுது என்றாள். அவளைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விடுவாள். அத்தானுக்கு அதுதான் உள்ளே போய்த் தைத்தது.

ஒருநாள் அவர் தாங்க மாட்டாமல் சொல்லிவிட்டார். மற்றதெல்லாம் நீ சொல்வது சரி, அந்த ஒரு பாட்டு மட்டும் நான் போட்டது என்றார். அவள் சிரிக்கவில்லை. அவரை உட்காரவைத்து, தன் போனில் அந்தப் பேட்டியைப் போட்டுக் காட்டினாள். அவர் அது பொய் என்றார். அப்போ இது என்ன என்றாள். நான் குறுக்கே புகுந்து, அடுப்படியில் என் கண் முன்னால் போட்டது, நான்தான் முதலில் பாடினேன் என்று சத்தியம் பண்ணினேன்.

“சித்தி, நீங்க அப்பாகிட்டதானே கேட்டீங்க? அப்பா யார்கிட்ட கேட்டாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பெற்ற பிள்ளையா, போலீசா என்று கேட்கத் தோன்றியது. மூலப் பாட்டு இன்னும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள். அந்தப் பேட்டித் துண்டைத் தன் பக்கத்தில் போட்டு, இந்தத் தீவுப் பாட்டு யாருக்காவது தெரியுமா என்று உலகத்தைக் கேட்டாள்.

அப்புறம்தான் கூத்து. வெளிநாட்டில் ஒரு பாடகன் அதே மெட்டில், விக்கலோடு சேர்த்து, ஒரு பாட்டை வெளியிட்டான். அது அங்கே ஓடு ஓடென்று ஓடியது. மாஸ்டர் துள்ளினார் பாருங்கள். ஊரான் மெட்டிலேயே மாடி வீடு கட்டினவர், என் மெட்டைத் திருடிவிட்டான் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்து வக்கீல்கள் ஒரே பதில் சொன்னார்கள். இது தீவுப் பாட்டு, பொதுச் சொத்து, உங்கள் ஆளே சொல்லியிருக்கிறார். ஆதாரமாக நீட்டியது என் அக்கா மகள் போட்ட அந்தப் பேட்டித் துண்டு.

மாஸ்டர் அத்தானைக் கூப்பிட்டு அனுப்பினார். தீவு என்று நான் சொன்னது தவறு, மாஸ்டர் என் கண்ணெதிரே போட்ட மெட்டு இது என்று சாட்சி சொல்ல வேண்டும் என்றார். அத்தான் யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்து, படிக்கட்டில் காதைப் பிடித்தார். மெட்டு உண்மையிலேயே என்னுடையது என்றால் சட்டம் என்ன சொல்லும் என்று கேட்டார். காது இறங்கிக்கொண்டிருந்த படியிலேயே நின்றுவிட்டார். அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அந்த மனிதர் முதலாளி பக்கத்து ஆள்தான், ஆனாலும் பொய் சொல்லவில்லை.

“அவர்கிட்ட கை நீட்டிச் சம்பளம் வாங்கிட்டு அவருக்காகப் போட்டீங்க. அதனால பாட்டு மேல உரிமை உங்களுக்கு வராது. ஆனா போட்டது யாருங்கிற பேர் இருக்கே, அதை எந்தச் சட்டமும் உங்ககிட்ட இருந்து பிடுங்காது. உரிமை போகும், பேர் போகாது. நிரூபிக்கணும், அவ்வளவுதான்.”

பேர் போகாது என்ற இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு மனுஷன் வீட்டுக்கு வந்தார். எனக்கு வேறு எதுவும் வேண்டாம், போட்டது நான் என்று ஒரு இடத்தில் பதிவாகட்டும், என் பெண் அதைப் பார்க்கட்டும் என்றார். அக்கா யோசிக்காமல் சொன்னாள், சொல்லிவிடுங்கள், வேலை போனால் போகட்டும் என்று. அவளை நான் அன்றுதான் புதிதாகப் பார்த்தேன். அத்தான் மாஸ்டருக்குப் போன் பண்ணி, சாட்சி சொல்கிறேன், ஆனால் நடந்ததைச் சொல்கிறேன் என்றார். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். மாஸ்டர் பக்கம் ஏற்கெனவே கொடுத்த சாட்சிப் பட்டியலில் அவர் பேர் இருந்ததால் எதிர்த்தரப்பு வரச்சொல்லிவிட்டது.

கோர்ட்டுக்கு உள்ளே இல்லை. கோர்ட் அனுப்பிய ஒரு அதிகாரி முன்னால், ஒரு ஆபீஸ் கட்டடத்தின் கூட்ட அறையில் விசாரணை. நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், சுவரில் நின்றுபோன கடிகாரம். ஜட்ஜம்மாவையும் வரச்சொல்லியிருந்தார்கள், பேட்டித் துண்டை எங்கிருந்து எடுத்தாள் என்று சொல்ல. அவள் சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டாள். அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில், எல்லாப் பட்டனும் போட்டுக்கொண்டு, போட்டது நான்தான் என்று தெளிவாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, இஸ்திரி மேசை, வாசல் மணி எல்லாம் சொன்னார்.

எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு அம்மாள். கத்தவில்லை, மிரட்டவில்லை, மிகவும் மரியாதையாகப் பேசினார்.

“உங்க வேலை என்ன சார்?”

“மெட்டு மாத்துறது.”

“எங்க இருந்து எடுத்ததுன்னு தெரியாதபடி மாத்துறது?”

“ஆமா.”

“அந்த வேலையில, ஒரு மெட்டு எங்க இருந்து வந்ததுன்னு வெளியில உண்மை சொன்னது உண்டா?”

அத்தான் யோசித்தார். இல்லை என்றார்.

“பேட்டியில சொன்னது பொய்?”

“பொய்.”

“முதலாளிகிட்ட சொன்னது?”

“அதுவும் பொய்.”

“இப்ப சொல்றது?”

உண்மை என்று அவர் சொன்னது எனக்கே பொய் மாதிரி கேட்டது. அந்த அம்மாள் அதைப் பிடித்துக்கொள்ளக்கூட இல்லை. உங்கள் பேரில் இதற்கு முன்னால் ஏதாவது மெட்டு வந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இல்லை. அன்று வாசித்ததைப் பதிவு பண்ணினீர்களா? இல்லை. முதலில் பாடியது நான் என்று எழுந்தேன். அந்தக் குரல் இருக்கிறதா என்று கேட்டார்கள். டிராக் குரலை யார் வைத்திருப்பார்கள். மேலும் நான் கொழுந்தியாள். காது தன் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். மூலையில் பார்த்தேன். ஜட்ஜம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அப்பா பொய் சாட்சி சொல்கிறார் என்ற அவமானம் அது. எனக்கு அந்த இடத்திலேயே அவளை இரண்டு அறை அறையலாம் போல் இருந்தது.

வழக்கு தீர்ப்புவரை போகவில்லை. பெரிய மனிதர்கள் வழக்கு என்றைக்குத் தீர்ப்புவரை போயிருக்கிறது. இழுத்தால் இரண்டு பக்கமும் நாறும் என்று தெரிந்ததும் உட்கார்ந்து பேசினார்கள். தீவுப் பாட்டு என்றால் இருவருக்கும் வசதி. அவன் பாடியது அவனுக்கு, இவர் போட்டது இவருக்கு, மெட்டு யாருக்கும் இல்லை. அடுத்த வாரமே இணையத்தில் இரண்டு பாட்டுக்குக் கீழேயும் ஒரே வரி வந்தது. ‘மெட்டு: மரபுப் பாடல். ஆக்கியவர் தெரியவில்லை.’

அத்தான் அதைப் படிக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், வந்து பாருங்கடா என்று அவர் கத்த வேண்டும் போல் இருந்தது. அவர் கத்தவில்லை. டீ இருக்கா என்று கேட்டார்.

ஸ்டுடியோவில் அவரை யாரும் போகச் சொல்லவில்லை, கூப்பிடவுமில்லை. நானும் நின்றுவிட்டேன். இப்போது அவர் கடைகளுக்குப் பாட்டுத் தைக்கிறார். பெரிய பாட்டுகளைக் கடையில் போட்டால் உரிமைக்காரர்கள் காசு கேட்பார்கள் என்று, அதே மாதிரி ஆனால் அதுவாக இல்லாத பாட்டுகள் துணிக்கடைக்காரர்களுக்கு வேண்டும். போன மாதம் ஒரு கடைக்காரர் கேட்டது எது தெரியுமா? அந்த விக்கல் பாட்டு மாதிரி ஒன்று. அத்தான் தைத்துக் கொடுத்தார். தன் மெட்டைத் தானே அடையாளம் தெரியாமல் வெட்டிக் கொடுத்துவிட்டு வந்து, காது கேட்டால் தேறும் என்று சொல்வார் என்றார். அக்கா அன்று அவரோடு பேசவில்லை.

கடைசியாக நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். மத்தியானம், எல்லோரும் வீட்டில் இருந்தோம். ஜட்ஜம்மா வெளியிலிருந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவிடம் போனாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் குரல் கனிந்திருந்தது.

“அப்பா, கிடைச்சிருச்சு,” என்றாள்.

போனை மேசையில் சாய்த்து வைத்தாள். கடலோரம் ஒரு பள்ளிக்கூடம். சீருடையில் பிள்ளைகள், முன்னால் ஒரு டீச்சர். எங்கள் முன்னோர் பாட்டு என்று எழுத்து ஓடியது. அந்தத் தீவேதான். வழக்குச் செய்தியைப் பார்த்துவிட்டு, நம் பாட்டை நாம்தான் மறந்துவிட்டோம் என்று நல்ல மனதோடு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் போல. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு, அவ்வளவு பக்தியாகப் பாடினார்கள். இரண்டாவது வரி வந்தது. நீளமாக நிற்க வேண்டிய சுரத்தை அத்தனை பேரும் சேர்ந்து விழுங்கி, ஒரு மூச்சு எடுத்து, அரைத் தாளம் முன்னால் அடுத்த வரியைப் பிடித்தார்கள். எங்கள் வீட்டு வாசல் மணிக்கு, கடல் தாண்டி, யாருடைய முன்னோரோ திடுக்கிட்டிருக்கிறார்கள்.

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் அத்தான் என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்றது.

ஜட்ஜம்மா அவர் பக்கத்தில் குந்திக்கொண்டாள். நீங்கள் வேண்டுமென்று பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை, சின்ன வயதில் எங்கேயாவது கேட்டிருப்பீர்கள், மறந்து, உங்களுடையது என்று நினைத்திருப்பீர்கள், எல்லோருக்கும் நடப்பதுதான் என்றாள். கண்ணில் நீர் நின்றது. இவ்வளவு நாளும் அப்பாவை வெறுத்துக் களைத்துப்போயிருந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“ஒத்துக்கோங்கப்பா. ஒரு தடவை ஒத்துக்கோங்க. எனக்கு அது போதும்.”

அத்தான் இன்னொரு தடவை போடச் சொன்னார். முழுக்கக் கேட்டார். நல்லாப் பாடுறாங்க என்றார். அப்புறம் மகள் முகத்தைப் பார்த்தார்.

“ஆமாம்மா. இதுதான். இங்க இருந்துதான் எடுத்தேன்.”

அடுப்படியில் அக்கா திறந்துவிட்டிருந்த குழாய் நின்றது. அவள் வாசற்படியில் வந்து நின்று இரண்டு பேரையும் பார்த்தாள். திரும்பிப் போய்ச் சாப்பாட்டை எடுத்து வைத்தாள். ஜட்ஜம்மா தன் தட்டை எடுத்தாள். ஜன்னல் பக்கம் போகவில்லை. அப்பா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தானே ஒரு கரண்டி சோறு எடுத்து அவர் தட்டில் போட்டாள்.

“மன்னிச்சுட்டேன்ப்பா,” என்றாள்.

அத்தான் தலையை ஆட்டினார். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, இன்னிக்குச் சாப்பாடு ரொம்ப நல்லா இருக்கு என்றார். அக்கா அன்று எதிலும் உப்புப் போட்டிருக்கவில்லை.